லூர்தம்மாளின் நடுக்கோடு

"கீழ்க்கோட்டைத் தொட்டா மேலே ஏறும்னு சொன்னீங்களே டீச்சர். ஏறலையே?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டார் தேவசகாயம்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகுதான் அந்நியச் செலாவணி வர்த்தகம் படிக்க ஜைனபிடம் வந்து சேர்ந்தார். அவளுக்கு அவருடைய மகள் வயது. ஆனாலும் டீச்சர் டீச்சர்தானே.

"எது அண்ணாச்சி? டாலரா, ஜப்பான் யென்னா?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கட்டம்போட்ட தாளை எடுத்து விரித்தார்.

அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே வரைந்திருந்தார். இருபது நாள் சராசரிக்கு ஒரு நடுக்கோடு. அதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. விலை ஆட்டம் போட்டால் இரண்டும் அகலும், அடங்கினால் ஒடுங்கும். பிசகே இல்லை.

"ஐம்பத்திரண்டிலிருந்து முப்பத்தாறா? எந்தப் பணம் அண்ணாச்சி இப்படி விழுந்துச்சு?"

"பணம் இல்ல டீச்சர். லூர்து."

லூர்தம்மாள் அவர் மனைவி. வயிற்றில் கட்டி. மூன்று மாதமாகத் தினமும் காலையில் அவளை எடை மெஷினில் ஏற்றிக் குறித்து வந்திருக்கிறார்.

ஜைனப் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"டாக்டர் என்ன சொல்றாங்க?"

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாரு. அவருக்கு என்ன, சார்ட் பார்க்கத் தெரியுமா?"

சிரித்துப் பார்த்தார். வரவில்லை.

"மஸ்கட்ல இருக்கிற மக தினமும் அழுறா, வரட்டுமான்னு. இருக்கிறதே ஒரு மாச லீவு. அம்மா நடுக்கோட்டுக்குத் திரும்பட்டும், அப்புறம் வந்து ஆற அமர இருன்னு நிறுத்தி வச்சிருக்கேன்."

ஜைனப் கணினியில் போன வருஷத்து யென்னை எடுத்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்குகிறவர் மாதிரி, விலை கீழ்க்கோட்டைப் பிடித்துக்கொண்டே ஒரு மாதம் இறங்கியிருந்தது.

"தொட்டப்பல்லாம் வாங்கினது யாரு?"

"நான்தான்."

"நான் என்ன சொன்னேன்?"

"வித்துட்டு வெளியே வந்துருங்கன்னீங்க." அவர் குரல் தணிந்தது. "அது யென் டீச்சர். இவ லூர்து. இவளை விட்டு எப்படி வெளியே வர?"

ஜைனப் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"லூர்து அக்கா நாளைக்கே நடுக்கோட்டுக்கு வந்துட்டாங்கன்னு வச்சுக்கோங்க. எத்தனை கிலோ இருப்பாங்க?"

தேவசகாயம் நடுக்கோட்டின் மேல் விரலை வைத்தார். தொடக்கத்தில் அது ஐம்பதில் ஓடியது. விரல் நகர நகரக் கோடும் இறங்கியது. தாளின் ஓரத்தில் வந்து நின்றார்.

"முப்பத்தொன்பது."

"அடுத்த வாரம்?"

அவர் தாளை மடிக்கப் பார்த்தார். அப்படியே விட்டுவிட்டு, போனை எடுத்து மகளை அழைத்தார்.

"அப்பா? அம்மா கோட்டுக்கு வந்துட்டாங்களா?"

"கோடுதாம்மா இறங்கி அவகிட்ட வந்துக்கிட்டிருக்கு. நீ இன்னைக்கே கிளம்பு."