பத்து யூரோ தாளில் ஒரு பாலம்

பாரிஸில், அருளம்பலம் முதலாளியின் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள் சாரங்கா. லியோனில் அவள் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. போய்ப் பார்க்க லீவு கேட்டாள்.

கடை நிறையச் சனம் இருக்க, முதலாளி ஒரு பத்து யூரோ தாளை நீட்டினார். "இதில கீறியிருக்கிற பாலம் உலகத்தில எங்கேயும் இல்லை. இதைக் கடந்து காட்டும், பிறகு லீவு."

சனம் சிரித்தது.

சாரங்கா தாளை விளக்குக்கு நேரே பிடித்தாள். வெறுமையாய்க் கிடந்த இடத்தில், பனிக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு பெண்ணின் முகம் எழுந்தது. தாளைச் சரித்தாள். பச்சை எண் நீலமாகி ஆற்றுநீர்போல் மினுங்கியது. அவளுக்குத் தண்ணீர்ச் சத்தமே கேட்டது.

"கடக்கிறன் ஐயா," என்றாள், கனவில் பேசுவதுபோல. "ஆனா பாலம் பின்பக்கம் கிடக்கு. முன்பக்கம் பெரிய வாசல். உள்ளுக்குள்ள ஒரு அம்மா எனக்காகப் பார்த்துக்கொண்டு நிக்கிறா. வாசல் திறக்கிறது முதலாளிமாரின்ர வேலையல்லோ? நீங்கள் திறந்துவிடுங்கோ, நான் நடக்கிறன்."

முதலாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"திறவுங்கோ முதலாளி!" என்று சனம் இப்போது அவரைப் பார்த்துச் சிரித்தது.

அவர் முகம் சிவக்க எழுந்துபோய்க் கடைக் கதவைத் திறந்தார். "போயிட்டு வாரும்."

சாரங்கா ஈர ஏப்ரனைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, லியோன் ரயிலுக்கு நடந்தாள்.