டீச்சரின் வள்ளம்

நாகர்கோவிலில் பொற்கொடியின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனால் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். குருவான பொற்கொடிக்கு முப்பத்திரண்டு வயது, சீடருக்கு அறுபத்தொன்று. சீடர் சுயம்புலிங்கம் மின்வாரியத்தில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்று, இங்கே கம்ப்யூட்டர் வேலை கற்றுக்கொள்ள வந்தவர். "குருவம்மா" என்றுதான் கூப்பிடுவார். கேலிக்கு ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது.

அன்று அவர் தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை. ஜெபமணி டீச்சர் முப்பது வருடத்துக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தானே எழுதிய விளையாட்டு. பாறைகளுக்கு நடுவே வள்ளத்தை ஓட்டிக் கரை சேர்க்க வேண்டும். கருப்புத் திரையில் கட்டளை தட்டினால்தான் அசைகிற பழைய டாஸில் ஓடிய அதை இப்போதைய கம்ப்யூட்டரில் ஓட வைக்க வேண்டும். வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளைகள் அன்று நான்கு மணிக்குக் கடைக்கே வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் ஒருமுறை ஓட்டிக் காட்டிவிட வேண்டும் என்று டீச்சருக்கு அப்படியொரு ஆசை.

சுயம்புலிங்கம் சும்மா விடுவாரா? கடையிலேயே வேகமான மெஷினை எடுத்தார். டாஸை ஓட்டும் மென்பொருளை அதில் போட்டு, வேகத்தை உச்சத்தில் வைத்தார்.

"பறக்கும் பாருங்க குருவம்மா!"

பறந்தது. விசையில் விரல் படுவதற்குள் வள்ளம் பாறையில் மோதி ஆட்டம் முடிந்தது. பத்துத் தடவை போட்டுப் பார்த்தார். பத்துத் தடவையும் அதே கதி.

மணி மூன்றரை. மனிதருக்கு வியர்த்துவிட்டது.

"டீச்சர் எழுதினதுலதான் கோளாறு. நான் திருத்திரட்டுமா?"

"அதுல கை வைக்காதீங்க சார்."

"அப்போ என்னதான் செய்ய? அத்தனை பேர் முன்னால அவங்க மானம் போயிடுமே!"

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பொற்கொடி எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர்தான். நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க."

கடை மாடியில். பதினெட்டுப் படி. டீச்சருக்கு முழங்கால் வலி வேறு. ஒவ்வொரு படிக்கும் நின்று, மூச்சு வாங்கி, ஒருவழியாக ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

பொற்கொடி சுயம்புலிங்கத்திடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தினமும் காலையில அஞ்சு கிலோமீட்டர் ஓடுற ஆளு நீங்க. பதினெட்டுப் படிக்கு இவ்வளவு நேரமா சார்?"

சுயம்புலிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன குருவம்மா பேசுறீங்க! டீச்சர் என் கையைப் பிடிச்சிருக்காங்க. நான் பாட்டுக்கு ஏறினா அவங்க விழுந்துட மாட்டாங்களா?"

சொன்னவர் அப்படியே நின்றார். திரும்பி மெஷினைப் பார்த்தார்.

பிறகு உட்கார்ந்து, வேகத்தைக் குறைக்கும் விசையைத் தட்டினார். வள்ளம் அப்போதும் பாய்ந்தது. இன்னும் தட்டினார். இன்னும், இன்னும். கடைசியில் வள்ளம் அலையில் ஆடி ஆடி நகர ஆரம்பித்தது.

நான்கு மணிக்கு மாணவர்கள் வந்தார்கள். எல்லோருக்கும் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விசைகளில் விரல் வைத்தார். ஆறாவது பாறையில் வள்ளம் உரசப் பார்த்தது. அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. தப்பித்துக் கரை ஏறியதும் திரையில் ஒரு கொடி எழும்பியது, கீழே டீச்சரின் பெயர். கைதட்டல் தெருவரைக்கும் கேட்டது.

"நானாக்கும் எழுதினது!" என்றார் டீச்சர். முகமெல்லாம் பெருமை. அப்புறம் சட்டென்று சந்தேகம் வந்து, "நீங்க ஒண்ணும் மாத்தலையே?" என்று கேட்டார்.

"ஒரு எழுத்துகூட மாத்தலை டீச்சர்!" சுயம்புலிங்கம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு மெஷினைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கடையிலேயே வேகமான மெஷின்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன் குருவம்மா. இனிமே அப்படிச் சொல்லலாமா?"

"தாராளமா சொல்லுங்க சார். எவ்வளவு வேகம்னு யாராவது கேட்டா, டீச்சர் விரல் எவ்வளவோ அவ்வளவுன்னு சொல்லுங்க."