மந்திரியின் தலைக்கு மேலே ஒரு சட்டம்

மணற்குடி ராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. நிலா பார்க்க அரண்மனைக்கு மேலே ஒரு மாடம் வேண்டுமாம். கீழே நின்றால் நிலா தெரியாதா என்று கேட்க யாருக்குத் தைரியம்? பொறுப்பை மந்திரி சிதம்பரநாதரிடம் விட்டார்.

மந்திரி பலே ஆசாமி. ஒரு செங்கல் வைக்கும் முன்பே புதுச் சட்டம் ஒன்றை எழுதி, ராஜாவிடம் முத்திரை வாங்கிவிட்டார். "இந்நாட்டில் எது விழுந்தாலும், எவன் விழுந்தாலும், கட்டியவனே பொறுப்பு. கட்டச் சொன்னவன் பொறுப்பல்ல." ராஜா அதைப் பாதித் தூக்கத்தில் கேட்டார் என்று ஊரில் பேச்சு.

கொத்துமேஸ்திரி சடையாண்டி வேலையை ஒப்புக்கொண்டான். சுவரோடு மூங்கில் சாரம் கட்டி, அதில் ஆட்களை ஏற்றி, மளமளவென்று கட்டினான். அந்த நேரம் பார்த்து மந்திரி வீட்டில் கல்யாணம். பந்தலுக்கு மூங்கில் போதவில்லை. சாரத்திலிருந்து உருவிக்கொண்டு போனார்கள்.

"ஐயா, சாரம் ஆடுது" என்றான் சடையாண்டி.

"ஆடினால் ஆடட்டும். வேலை நிற்கக் கூடாது" என்றார் மந்திரி.

மறுநாளே சாரம் சரிந்தது. இருளப்பன் என்ற கொத்தனார் விழுந்து கால் முறிந்தான்.

வழக்கு சபைக்கு வந்தது. சடையாண்டி நடந்ததையெல்லாம் சொன்னான். மந்திரி அசரவில்லை. "மூங்கில் எங்கே போனால் என்ன? கட்டியது யார்? இவன். சட்டம் தெளிவாக இருக்கிறது, அரசே. நாளை மாலைக்குள் இவன் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகட்டும்."

சடையாண்டி கையெடுத்துக் கும்பிட்டான். பாவம், அவன் மனைவிக்கு நிறைமாதம். ராஜாவுக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் முத்திரை அவருடையது ஆயிற்றே.

"சட்டம் எல்லார் தலைக்கும் மேலே இருக்கணும், அரசே" என்றார் மந்திரி. "நாளைக்கே அதைச் சபையில் மாட்டச் சொல்லுங்கள். ஜனங்கள் பார்க்கட்டும்."

சபை விகடன் தாண்டவன் எழுந்தான். "அந்த வேலையை எனக்குக் கொடுங்கள், அரசே."

மறுநாள் காலை மந்திரி தன் ஆசனத்தில் உட்காரப் போனார். மேலே ஏதோ கிரீச்சிட்டது. நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலுக்கு வைக்கிற பெரிய தேக்குச் சட்டம் ஒன்று, அவர் தலைக்கு நேர் மேலே ஊசலாடிக்கொண்டிருந்தது. உட்காரப் போனவர் துள்ளி விலகினார்.

"என்னய்யா இது?"

"சட்டம்தான். தலைக்கு மேலே இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றான் தாண்டவன்.

"எந்த மடையன் இதைக் கட்டினான்?"

"தச்சர் கட்டினார். வடக்கயிறு கேட்டார். பூக் கட்டுற வாழைநார் போதும்னு நான்தான் சொன்னேன். ஆடுதேன்னார். ஆடினால் ஆடட்டும், கட்டுன்னேன். நீங்க உட்காருங்க. விழுந்தால் தச்சரை நாடு கடத்திடலாம்."

மந்திரிக்கு வியர்த்துக் கொட்டியது. "தச்சன் என்னய்யா பண்ணுவான்? கயிறு தராமல் கட்டச் சொன்னது நீ. என் மண்டை உடைந்தால் நீதான் பொறுப்பு."

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் மந்திரி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மந்திரியே தீர்ப்புச் சொல்லிவிட்டார். இனி கட்டச் சொன்னவனும் பொறுப்பு. சடையாண்டி எங்கும் போக வேண்டாம். இருளப்பன் எழுந்து நடக்கும்வரை அவன் வீட்டு அடுப்பு மந்திரி செலவில் எரியட்டும்."

சடையாண்டி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டான். ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தாண்டவனுக்குப் போட்டார். பிறகு மெல்லக் கேட்டார்: "அதிருக்கட்டும் தாண்டவா, நான் முத்திரை வைத்த சட்டத்தில் அப்படி என்னதான் குறை?"

தாண்டவன் மாலையைச் சரிசெய்துகொண்டு பணிவாகச் சொன்னான்:

"சட்டத்தில் சாரம் இல்லை, அரசே. இருந்ததைத்தான் மந்திரி பந்தலுக்கு உருவிக்கொண்டு போய்விட்டாரே."