யாருமில்லாதவனின் விண்ணப்பம்

வட மலாவியில், ஏரியை ஒட்டி ஒரு சிற்றூர். அங்கே இருந்த சுகாதார நிலையத்தில் கோமெஸ்கானி நர்ஸாக வேலை பார்த்தான். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் சில, குளிர் தாங்காமல் அவன் கையிலேயே போயிருக்கின்றன. அப்படிப் பிறக்கிற சிசுக்களைக் காப்பாற்றும் மேல்படிப்பு ஒன்று வெளிநாட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டான். கல்வி உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தான். "வருந்துகிறோம்" என்று பதில் வந்தது. மறுவருடமும் விண்ணப்பித்தான். மறுவருடமும் வருந்தினார்கள்.

பக்கத்து டவுனில் லுசுங்கு என்று ஒரு டீச்சர் இருந்தார். உதவித்தொகையில் கடல் கடந்து போய்ப் படித்தவர். படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவர். சனிக்கிழமைகளில் தொடக்கப் பள்ளியின் வகுப்பறை ஒன்றை இரவல் வாங்கி, விண்ணப்பம் போடுகிறவர்களுக்கு வழி சொல்லிக் கொடுப்பார். வயதில் கோமெஸ்கானியைவிட இளையவர். அதைப் பற்றி அவன் கூச்சப்படவில்லை. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டான்.

"டீச்சர், தேர்வுக் குழுவில இருக்கிறவங்க என்னதான் எதிர்பார்க்கிறாங்க?"

"நீங்க என்ன எழுதியிருக்கீங்க, அண்ணே?"

கட்டுரையைக் கொடுத்தான். டீச்சர் நிதானமாகப் படித்தார். பசியில் வளர்ந்த கதை. மீன் பிடிக்கப் போன அப்பாவை ஏரி கொண்டுபோன கதை. கடைசியில் இரண்டு வரி: 'எனக்கென்று யாரும் இல்லை. ஒருவர் துணையும் இல்லாமல், தனி ஆளாக இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.'

"இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்கு. வீட்ல யாருக்காவது வாசிச்சுக் காட்டினீங்களா?"

"வீட்ல அக்கா மட்டும்தான். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது."

"அப்படின்னா நம்ம பேச்சில சொல்லிக் காட்டுங்க. அடுத்த சனிக்கிழமை பார்க்கலாம்."

அவ்வளவுதான். இதைக் கேட்கவா இத்தனை தூரம் வந்தோம் என்று அவனுக்குச் சலிப்பாகக்கூட இருந்தது.

அக்கா திவோங்கே கரையில் பரண்மேல் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தம்பி எழுதியதை வாசிக்கப்போகிறான் என்றதும் கையைக் கழுவி, துணியில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கோயிலில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள்.

பசியைச் சொன்னான். தலையாட்டினாள். அப்பாவைச் சொன்னான். ஏரியைப் பார்த்தாள். கடைசி இரண்டு வரி வந்தது. இங்கிலீஷில் எத்தனையோ தடவை வாசித்துத் திருத்திய வரிகள்தான். ஊர்ப் பேச்சில் சொல்ல வாய் வரவில்லை.

"ஏன்டா நிறுத்திட்டே?"

"எனக்கு... யாரும் இல்லைன்னு எழுதியிருக்கேன்."

திவோங்கே கை துடைத்த துணியை மடித்து மடியில் வைத்தாள்.

"அப்படி எழுதினாத்தான் கொடுப்பாங்களா?"

"எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க, அக்கா."

"அப்ப இருக்கட்டும். பேப்பர்லதானே நான் இல்லை" என்றபடி எழுந்தாள். "வா, களி ஆறிப்போகுது. சாப்பிடு."

சாப்பிட்டான்.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் கேட்டார்: "சொல்லிக் காட்டினீங்களா?"

"சொன்னேன்."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"சாப்பிடக் கூப்பிட்டா."

டீச்சர் ஒரு வெள்ளைத் தாளை அவன் பக்கம் நகர்த்திவிட்டு வெளியே போய்விட்டார்.

அன்று அவன் புதிதாக எழுதினான். அவனைப் படிக்க வைக்கத் தன் படிப்பை விட்டுவிட்டு மீன் கூடையைத் தூக்கிய அக்காவை எழுதினான். நர்சிங் பரீட்சை அன்று காய்ச்சலில் கிடந்தவனை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், அவன் எழுதி முடிக்கும்வரை வாசலிலேயே காத்துக் கிடந்த வாடகை சைக்கிள்காரர் ம்வாம்பேனேயை எழுதினான். எழுத எழுத ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இத்தனை பேரா என்று அவனுக்கே திகைப்பாக இருந்தது. இவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறக்கும் இடத்தில்தான் நான் வேலை செய்கிறேன், அதற்காகத்தான் இந்தப் படிப்பு என்று முடித்தான்.

அனுப்பினான். அந்த வருடமும் வருந்தினார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் இன்னொரு குழந்தை அவன் கையில் போனது. விடிந்ததும் நேரே சைக்கிள்காரர் வீட்டுக்குப் போனான். அவரோடு சும்மா உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்தான். இத்தனை வருடத்தில் அவன் அவர் வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை.

அடுத்த வருடம் அதே கட்டுரையைத்தான் அனுப்பினான். நேர்காணலுக்கு அழைத்தார்கள். செல்போன் திரையில் தெரிந்த வெள்ளைத்தலை அம்மாள் ஒருவர், "அந்தச் சைக்கிள்காரர் சௌக்கியமா?" என்று கேட்டார். "முட்டி வலி மட்டும்தான் அம்மா, மத்தபடி சௌக்கியம்" என்றான் கோமெஸ்கானி. இடம் கிடைத்தது.

புறப்படுவதற்கு முன், அக்காவைக் கூட்டிக்கொண்டு டீச்சரைப் பார்க்கப் போனான். அக்கா காய்ந்த மீனை வாழையிலையில் கட்டி எடுத்து வந்திருந்தாள். டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகை வந்தது. முகத்தைக் கழுவ வெளியே குழாயடிக்குப் போனாள்.

அவள் போனதும் கோமெஸ்கானி குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"டீச்சர், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை. ஆனா மனசுல ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு. அந்தப் பழைய கட்டுரையைத் திருத்தி அனுப்பியிருந்தா, ஒரு வருஷம் முன்னாடியே போயிருப்பேனோ? ஒரு வருஷம் முன்னாடியே திரும்பி வந்து குழந்தைகளைக் காப்பாத்தவும் ஆரம்பிச்சிருப்பேன். என் கையில போன அந்தக் குழந்தையோட முகம் கண்ணை விட்டுப் போகலை."

டீச்சர் வெளிப்பக்கம் திரும்பினார். குழாயடியில் திவோங்கே முகம் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிருக்கலாம். அந்தக் கட்டுரையில யாருமே இல்லாத ஒரு மனுஷர் இருந்தாரே, அவர் போயிருப்பார். படிச்சு முடிச்சிட்டு அவர் எந்த ஊருக்குத் திரும்பி வருவார், அண்ணே?"