ஹாப்ஸன் துரை கொண்டுவந்த சரக்கு

ஆழிக்குடித் துறைமுகத்தை ஆண்ட சிகாமணி ராஜாவுக்கு வரி என்றால் சர்க்கரைப் பொங்கல் மாதிரி. கப்பலில் எது வந்து இறங்கினாலும் பாதி அரண்மனைக்கு என்று சட்டம் போட்டிருந்தார். சரக்கை மறைத்தால் கப்பலே போய்விடும்.

ஒருநாள் ஹாப்ஸன் என்ற இங்கிலீஷ் மாலுமித் தலைவன் வெறுங்கப்பலோடு வந்தான். குடிதண்ணீர் பிடிக்க வந்தவன், கரையில் எதையோ பார்த்துவிட்டு நேரே சபைக்கு ஓடினான். "ராஜாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெரிய இம்போர்ட் உள்ள வார்த்தை!" என்று மூச்சிரைக்கத் தன் பாஷையில் சொன்னான்.

சுங்க அதிகாரி திம்மண்ணாவுக்கு இங்கிலீஷில் தெரிந்ததே நாலைந்து சொல். அதில் ஒன்று இம்போர்ட். துள்ளிக் குதித்தார்.

"மாட்டிக்கொண்டான், மகாராஜா! இம்போர்ட் என்றால் இறக்குமதி. பெரிய இறக்குமதி என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான். ஆனால் கப்பலில் ஒரு குண்டூசிகூட இல்லை. எங்கேயோ பதுக்கிவிட்டான்!"

ராஜாவுக்கு முகமெல்லாம் பல். "கட்டுங்கள் அவனை! சரக்கு இப்போதே சபைக்கு வரவேண்டும். இல்லையென்றால் கப்பல் நம்முடையது!"

துரையின் வெளுத்த முகம் இன்னும் வெளுத்தது.

சபையில் இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர் மந்திரி மருதப்பர் ஒருவர்தான். எழுந்து போய்த் துரையிடம் ஏதோ கேட்டார். துரை படபடவென்று பதில் சொன்னான். மருதப்பர் திரும்பி ராஜாவைக் கும்பிட்டார்.

"அரசே, திம்மண்ணா சொன்னது சரி. சரக்கு இருக்கிறது. துரையின் வாய்க்குள் இருக்கிறது."

"வாய்க்குள்ளா? முத்தா, வைரமா?"

"அதற்கும் மேலே. இம்போர்ட் என்றால் அவர்கள் பாஷையில் வந்து இறங்குகிற சரக்கும் உண்டு, சொல்லில் இருக்கிற கனமும் உண்டு. நாம் மட்டும் என்னவாம்? கடையில் இருப்பதும் பொருள், கவிதையில் இருப்பதும் பொருள்தானே?"

ராஜாவுக்கு விட மனசில்லை. "சொல்லாக இருந்தால் என்ன? இறங்கியது என் துறையில்! பாதியை எடும்!"

"உத்தரவு." மருதப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாளை தங்கள் பிறந்தநாளுக்கு வெடிக்கப்போகிற பீரங்கி..." என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"பீரங்கிக்கு என்ன?"

"பாதி ஆயிற்று, அரசே."

"ஐயோ, மீதியைச் சொல்லும்!"

"மீதி துரையின் சொத்து. விலைக்குத்தான் கிடைக்கும்."

"என்ன விலை?"

"கட்டை அவிழ்க்க வேண்டும். கப்பலை விட வேண்டும்."

ராஜா அரியணையின் நுனிக்கே வந்துவிட்டார். "விட்டேன், விட்டேன்! சொல்லித் தொலையும்!"

"...அடிப்பக்கம் விரிசல் விட்டிருக்கிறது. கரையில் துரை கண்ணால் பார்த்தாராம். திரி வைத்தால் குண்டு முன்னால் போகாது. பின்னால் நிற்கிறவர்தான் போவார்."

ராஜா மெல்லக் கேட்டார்: "திரி வைக்கப்போவது யார்?"

எல்லோரும் திம்மண்ணாவைப் பார்த்தார்கள். அந்தப் பெருமை தனக்குத்தான் வேண்டும் என்று கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருந்தவர் அவர். இப்போது வேர்த்து விறுவிறுக்க ஓடிப்போய்த் துரையின் கட்டைத் தானே அவிழ்த்தார்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மருதப்பருக்குப் போட்டார். "என்ன திம்மண்ணா, இந்தச் சரக்குக்கு இன்னும் வரி கேட்பீரா?"

"வரியா, மகாராஜா?" திம்மண்ணா கைகூப்பினார். "மேலோகத்துக்கு ஏற்றுமதியாக இருந்தவனைக் கீழே இறக்கிவிட்ட இறக்குமதி ஆயிற்றே!"