அச்சு விலகிய ஐந்து ரூபாய்

திருநெல்வேலியில் நடந்த நாணயக் கண்காட்சியின் வாசலில் செருப்புக்குக் காவல் இருந்தவள் வெள்ளத்தாய். “இதையும் உள்ளே வைப்பியளா ஐயா?” என்று அவள் ஓர் ஐந்து ரூபாய்க் காசை நீட்டினாள். அச்சு விலகி விழுந்ததில் பாதிக் காசு பிறைபோல வெறுமையாக இருந்தது. சங்கத் தலைவர் தணிகாசலம் சிரித்தார்.

“அரத்தால தேச்சுக் கொண்டாந்திருக்கே. இப்படி அச்சு விலகின காசு ஊரிலேயே ஒண்ணுதான், அது என் கண்ணாடிப் பெட்டியில இருக்கு. உன்னோடது அசல்னா, லென்ஸ் இல்லாம, புத்தகம் இல்லாம இப்பவே நிரூபி. முடியலைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே.”

“தேச்ச காசுன்னா எடை குறையும்லா? அச்சு விலகினா குறையாதுல்லா?”

“சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.”

“எல்லாக் காசுக்கும் இதே சட்டந்தானா ஐயா?”

“எல்லாத்துக்குந்தான்!”

பக்கத்து நகைக்கடையிலிருந்து தராசு வந்தது. ஒரு தட்டில் அவள் காசு, மறு தட்டில் சாதாரண ஐந்து ரூபாய். முள் நடுவிலேயே நின்றது.

“அப்படியே உங்க காசையும் வையுங்க. காலையில பெட்டி துடைக்கக் காசை வெளியே எடுத்தப்போ கைக்கு லேசாத் தெரிஞ்சுது.”

சட்டம் சொன்னவரால் மறுக்க முடியவில்லை. அவர் காசு இருந்த தட்டு சட்டென்று மேலே போனது.

எல்லோரும் வெள்ளத்தாயின் உள்ளங்கையைச் சூழ்ந்துகொண்டார்கள். கோடிக் காசுகளை ஒன்றுபோல அடித்த இயந்திரம் ஒரே ஒரு நொடி தடுமாறி, வெறும் உலோகத்தின் ஓரத்தில் பாதிச் சிங்கத்தை விட்டுப் போயிருந்தது.

“இது உனக்கு எங்கே கிடைச்சுது?” தணிகாசலத்தின் குரல் இறங்கியிருந்தது.

“நேத்து செருப்பு விட்டப்போ நீங்கதான் குடுத்திய, ஐயா. பாக்காமலே போட்டுட்டுப் போனிய.”