பெயரில்லாத பனி

"மற்ற பனிக்கெல்லாம் பெயர் சொன்னீர்கள். இதற்கு மட்டும் ஐந்து நாளாக வாய் திறக்க மாட்டேன் என்கிறீர்கள்," என்றாள் பொற்கொடி.

உலாயு குடுவையின் மூடியைத் திருகி, தேநீரை ஊற்றி நீட்டினாள்.



அவர்கள் நின்றது உறைந்த கடலின் மேல். வட துருவத்தை ஒட்டிய ஒரு வளைகுடா அது. இக்கரையில் உலாயுவின் ஊர். முந்நூறு இனுயிட் பழங்குடி மக்கள். அக்கரையில் இன்னொரு ஊர். குளிர்காலத்தில் இரண்டுக்கும் நடுவில் உறைகடல்தான் சாலை.

உலாயுவுக்கு வயது முப்பத்தொன்று. சீல் என்ற கடல்நாய்களை வேட்டையாடுபவள். பனியைப் பற்றிச் சந்தேகம் வந்தால் ஊரே அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

பொற்கொடிக்கு ஐம்பத்துநான்கு. வேதாரண்யத்துக்காரி. இருபத்திரண்டு வருஷமாகச் செயற்கைக்கோள் படங்களில் கடல் பனியைப் பார்த்து வந்தவள். அதன் மேல் காலை வைத்தது இந்த மாதம்தான். உலாயுவிடம் கற்றுக்கொள்ள வந்திருந்தாள். இருபத்தாறு வகைப் பனியின் பெயர்கள் அவள் குறிப்பேட்டில் ஏறிவிட்டன.

இருபத்தேழாவது இடம் காலியாக இருந்தது.

"வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லக்கூடாத பெயரோ?" என்று கேட்டாள். குரலில் கொஞ்சம் வருத்தம் தெரிந்தது.

உலாயு தன் இரும்பு முனைக் கோலை அவள் கையில் கொடுத்தாள்.

"குத்துங்கள்."

பொற்கொடி குத்தினாள். டொக் என்றது.

"அதே இடத்தில் இன்னொரு தடவை."

இரண்டாவது குத்தில் கோல் உள்ளே இறங்கியது. ஓட்டை வழியாகக் கறுப்பாகத் தண்ணீர் ஏறி வந்தது.

பொற்கொடி இரண்டடி பின்வாங்கினாள்.

"என் படத்தில் இந்த இடத்தில் ஒன்றரை மீட்டர் பனி இருக்கிறது."

"மேலே நின்று பார்த்தால் நானும் அப்படித்தான் சொல்வேன். வெள்ளையாக, மேடு பள்ளம் இல்லாமல் இருக்கிறது. குளிரும் குறையவில்லை. ஆனாலும் மூன்று வருஷமாக இங்கே பனி மெலிகிறது. போன வருஷம் எங்கள் ஊர் பவுலூசியின் பனிவண்டி இங்கேதான் உள்ளே போனது. ஆள் தப்பியதே பெரிது."

பவுலூசியின் மகள் மியாலிக்கு வரும் சனிக்கிழமை அக்கரையில் கல்யாணம். ஊரே கிளம்பக் காத்திருந்தது. தரை வழியாகச் சுற்றினால் நான்கு நாள் ஆகும்.

"அப்படியென்றால் இந்தப் பனியின் பெயர்?"

"பெயர் இல்லை."

பொற்கொடி நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்களில் யாரும் இதற்கு முன் இதைப் பார்த்ததில்லை. பார்க்காததற்கு எப்படிப் பெயர் வைத்திருப்போம்?"

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் பெயரைத்தான் கேட்டீர்கள். தெரியுமா என்று கேட்கவில்லை."

தள்ளி நிறுத்தியிருந்த பனிவண்டியில் உலாயு கட்டியிருந்த மஞ்சள் பெட்டியைக் காட்டினாள்.

"என் கோல் பனியோடு நின்றுவிடும். உங்கள் பெட்டியில் இருப்பது எவ்வளவு ஆழம் போகும்?"

"இருநூறு மீட்டர். தண்ணீரின் சூட்டையும் உப்பையும் அளக்கும்."

"அதை எப்போது இறக்குவீர்கள் என்று நானும் ஐந்து நாளாகக் காத்திருக்கிறேன்."

பொற்கொடிக்குச் சிரிப்பு பீறிட்டது. உலாயுவும் சிரித்தாள். குவளையில் மிச்சமிருந்த தேநீர் பனியில் சிந்தியது.

சற்றுத் தள்ளி, கனமான பனியில் துளை போட்டார்கள். கருவி கயிற்றில் இறங்கியது. திரையில் எண்கள் ஓடின.

"பூஜ்யத்துக்கு ஒரு டிகிரி கீழே," என்றாள் பொற்கொடி. அவள் குரல் மாறியிருந்தது.

"அது குளிர்தானே?"

"நம் கை விறைத்துப்போகும். ஆனால் உப்புத் தண்ணீர் உறைய ஏறக்குறைய இரண்டு டிகிரி கீழே போக வேண்டும். இந்த உப்புக் கடலின் பனிக்கு அது வெந்நீர். கீழே எங்கிருந்தோ ஒரு நீரோட்டம் வருகிறது. அடியிலிருந்து பனியை அரிக்கிறது."

உலாயு பனியில் மண்டியிட்டு ஓட்டைக்குள் பார்த்தாள். 

"மூன்று வருஷம்," என்றாள். பிறகு, "எனக்கு அந்த எண்களைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்."

மறுநாள் பொற்கொடி தாளில் கட்டம் போட்டுக் கொண்டுவந்தாள். நூறு மீட்டருக்கு ஒரு துளை, நேர்கோட்டில்.

உலாயு தாளைப் பார்த்தாள்.

"நீரோட்டத்திடம் இதைக் காட்டினீர்களா?"

பொற்கொடி தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அதன்பின் துளை போடும் இடத்தை உலாயு சொன்னாள். அலையேற்றத்தில் தண்ணீர் எங்கே திரும்பும், சீல்கள் மூச்சுவிடும் ஓட்டையை எங்கே கைவிட்டன, எங்கே புதிதாகப் போட்டன என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். பொற்கொடி கருவியை இறக்கினாள். மூன்று நாளில் நாற்பத்தொரு துளைகள்.

இரண்டாம் நாள் மதியம், உலாயு திரையைப் பார்க்காமலே எண்ணைச் சொன்னாள். சரியாக இருந்தது.

மூன்றாம் நாள், குத்திய கோலின் சத்தத்தைக் கேட்டே பொற்கொடி நின்றுவிட்டாள்.

"இங்கே வேண்டாம்."

உலாயு தன் பையிலிருந்து உலர்ந்த மீன் துண்டை எடுத்து, பாதியை அவளுக்கு உடைத்துக் கொடுத்தாள்.

வெந்நீரின் தடம் நாக்கு போல வளைகுடாவுக்குள் நீண்டிருந்தது. நடுவில் இருந்த சிறு தீவுக்கு வடக்கே அது எட்டவில்லை. அந்தப் பக்கம் கழிகளை நட்டுச் சிவப்புத் துணி கட்டினார்கள்.

சனிக்கிழமை காலை ஒன்பது பனிவண்டிகள் கரையில் நின்றன. நல்ல வெயில். மியாலி கல்யாண உடைக்கு மேல் கரடித்தோல் போர்த்தி உட்கார்ந்திருந்தாள். யாரோ அக்கார்டியன் வாசித்தார்கள். குளிரில் சுருதி விலகியது, யாரும் பொருட்படுத்தவில்லை.

கோலோடு உலாயுவும் கருவியோடு பொற்கொடியும் முன்னால் நடக்கத் தயாரானார்கள்.

பவுலூசி வண்டியிலிருந்து இறங்கி வந்தார். மகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு இருவரையும் பார்த்தார்.

"உங்கள் இரண்டு பேரில் யாருக்கு வழி தெரியும்?"

பொற்கொடி உலாயுவைப் பார்த்தாள். உலாயு பொற்கொடியைப் பார்த்தாள்.

"நேற்று இரண்டு பேருக்கும் தெரிந்தது," என்றாள் உலாயு. "இன்றைக்கு இரண்டு பேருக்கும் தெரியாது. அடிக்கு அடி பார்த்துத்தான் போக வேண்டும்."



"போன வருஷம் நான் வழி தெரிந்துதான் போனேன்," என்றார் பவுலூசி.

வண்டியில் ஏறி இன்ஜினைக் கிளப்பினார்.

"நடங்கள். பின்னாலேயே வருகிறோம்."